கன்டின்யூட்டி

மெமரி கார்டின் ஓரத்தில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கிறது, மேலே தள்ளினால் பதியும், கீழே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், சட்டைப் பைக்குள் விரலை விட்டு நகத்தால் அதை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்கிறேன், பூட்டு, திற, பூட்டு, திற, இனிமேல் பூட்டி என்ன ஆகப்போகிறது, பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டவில்லை, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை, மூன்று வருஷம் விஸ்காம் படித்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்டு வகுப்பை இருட்டாக்கியிருக்கிறார்கள். திரையில் ஒரு மாமியார் மாடிப்படியில் நிற்கிறாள், மருமகள் தட்டோடு வருகிறாள், தட்டு விழப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஹெலன் மேடம் ஒவ்வொருவருக்கும் ஒரு லாக் ஷீட் கொடுத்திருக்கிறார், ஷாட் எண், ஷாட் அளவு, எத்தனை விநாடி, யார் முகம், ஒன்றுவிடாமல் எழுத வேண்டும், இருபத்திரண்டு நிமிஷ எபிசோடு, மணி இப்போது பதினொன்று நாற்பது, பன்னிரண்டு இருபதுக்கு பெல் அடிக்கும், அடித்ததும் பக்கத்து நாற்காலியில் இருக்கிற தமயந்தி, எனக்குத் தமா, கையை நீட்டி “குடுறா கார்ட” என்பாள். காலையில் ஏழரைக்கே போன் செய்துவிட்டாள். “டேக் நாலு வந்துருச்சாடா?” நான் “ம்” என்றேன். ஆமாம் என்று சொல்லவில்லை. ம் என்றால் ஆமாம் என்றா அர்த்தம், ம் என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு, தூக்கம் கலையவில்லை, எத்தனையோ அர்த்தம் இருக்கிறது, ஆனால் அவள் “அப்பாடா” என்று சொல்லி வைத்துவிட்டாள், அந்த அப்பாடாவை நான் எங்கே கொண்டு போய் வைப்பது.

ஏழு ஃபைல். காலையில் ஹாஸ்டலில் லேப்டாப்பில் போட்டதும் ஏழு ஃபைல் இருந்தது, ஆறு டேக்குக்கு ஏழு ஃபைல் எப்படி என்று யோசித்தேன், ஒன்று கூடுதலாக இருக்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டேன், முட்டாள், முதல் ஃபைலைத் திறந்தால் என் செருப்புக் கால் போகிறது வருகிறது, தமாவின் அம்மா ராஜாமணி ஆன்ட்டி ஃபேனை நிறுத்தட்டுமா என்று கேட்கிறார், ஸ்டாண்டை நான் நகர்த்துகிறேன், தமா வசனத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள், கடைசியில் அவள் “ரோல் கேமரா” என்கிறாள், நான் “ரோலிங்” என்கிறேன், படம் அங்கேயே நின்றுவிடுகிறது. இரண்டாவது ஃபைல் “ட்” என்று தொடங்குகிறது. தமா சொன்ன “கட்” என்ற சொல்லில் க இல்லை, ட் மட்டும் இருக்கிறது. அப்புறம் பேச்சு, தண்ணீர் குடிக்கிற சத்தம், “ரோல் கேமரா”, “ரோலிங்”, முடிந்தது. மூன்றாவதும் அப்படியே. ஏழையும் அப்படியே பார்த்தேன், என் குரல் ரோலிங் என்று சொல்கிற இடத்திலெல்லாம் கேமரா தூங்கப் போயிருக்கிறது, தமா கட் சொன்ன இடத்திலெல்லாம் விழித்திருக்கிறது. நிறம் சரியா என்று ஒயிட் பேலன்ஸ் பார்க்கும்போது விரல் பட்டு ரெக்கார்ட் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு தொடங்குகிறேன் என்று நான் அழுத்தியதெல்லாம் நிறுத்தம், நிறுத்துகிறேன் என்று அழுத்தியதெல்லாம் தொடக்கம். பதியும்போது எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சிவப்பு விளக்கு மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டியது யார், நான்தான், சுவரில் மாட்டியிருந்த தமாவுடைய அப்பாவின் போட்டோக் கண்ணாடியில் அந்தச் சிவப்புப் புள்ளி தெரிந்தது, அவர் நெற்றிக்கு நேரே, புத்திசாலித்தனமாக ஒட்டினேன், தமாகூட “சூப்பர்டா சவரி” என்றாள். பீப் சத்தத்தை நிறுத்தியதும் நான்தான், மானிட்டரில் எழுத்து தெரியாமல் சுத்தமாக வைத்ததும் நான்தான். போட்டுப் பார்க்கலாமே என்று அவள் கேட்டபோது “ஒரு பேட்டரிதான் இருக்கு, வீணாக்க வேணாம்” என்று சொன்னதும் நானேதான். இவ்வளவு கவனமாக ஒருவன் தப்பு செய்ய முடியும் என்று யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது.

தட்டு விழுந்துவிட்டது. மாமியார் முகம், நாத்தனார் முகம், வேலைக்காரி முகம், மறுபடி மாமியார் முகம், ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் இடி. “விழுந்த தட்ட யாராச்சும் பாக்குறாங்களா பாருங்க,” என்கிறார் ஹெலன் மேடம், “கேமராவுக்குத் தட்டு வேணாம். பாத்தவங்க மூஞ்சிதான் வேணும்.” எல்லோரும் எழுதுகிறார்கள். நான் ஷாட் பதினேழு என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன், அவர்கள் முப்பதில் இருப்பார்கள். கார்டு கரப்ட் ஆயிருச்சு. இப்படிச் சொல்லலாம். இதைவிடச் சுலபமான வாக்கியம் எங்கள் டிபார்ட்மென்டில் கிடையாது, போன வருஷம் ஒரு சீனியருக்கு நிஜமாகவே ஆனது, ஜூஸ் வாங்கிக் கொடுத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள், ஒருத்தரும் அவரைக் குறை சொல்லவில்லை, கார்டைத்தான் திட்டினார்கள், அப்படி என்னையும் தட்டிக்கொடுப்பார்கள், தமா அழுவாள், நான் ஆறுதல் சொல்வேன், எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியும். இப்போதே பாத்ரூமுக்குப் போய் இதை வளைத்தால் போதும், டக்கென்று உடையும். வளைக்கலாம் என்று நினைக்கும்போதே கை பையிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. தமா தன் லாக் ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் என்னவோ எழுதி என் பக்கம் தள்ளுகிறாள், ‘கீழ எறங்குற டில்ட்ல ஃபோகஸ் போச்சா?’ நான் இல்லை என்று தலையாட்டுகிறேன். பொய் இல்லையே. ஃபோகஸ் போகவில்லை. ஃபோகஸ் போக முதலில் படம் இருக்க வேண்டும்.

அந்த டில்ட். தமாவின் கதையில் அழுகையே கிடையாது. நான்கு வருஷம் முன்னால் அவள் அப்பா பஸ் டிப்போவில் டூட்டிக்குக் கிளம்பும்போது மயங்கி விழுந்து இறந்துபோனார், டிப்போவிலிருந்து போன் வந்தபோது ஆன்ட்டி சமையலறையில் ரவை சலித்துக்கொண்டிருந்தாராம், “சரி, வரேன்” என்று போனை வைத்துவிட்டு மீதி ரவையையும் சலித்து டப்பாவில் கொட்டி மூடிவிட்டுத்தான் தமாவைக் கூப்பிட்டாராம், பதினாறு நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, சொந்தக்காரர்கள் அதைப் பேசிப் பேசி மாய்ந்துபோனார்கள். தமாவுக்கு அது மனசில் முள்ளாகக் கிடந்தது. எங்கள் டிப்ளமோ படம் அதுதான், போன், சரி வரேன், ரவை, மூடி, ஆறு நிமிஷம். நடிக்க ஆள் தேடினோம், ஒருத்தரும் ரவையைச் சரியாகச் சலிக்கவில்லை. கடைசியில் அம்மாவையே கேட்டுவிட்டாள். ஆன்ட்டி பள்ளிக்கூடம் ஒன்றில் ஆபீஸ் அசிஸ்டென்ட், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற வேலை இருக்கிறதே என்று மட்டும் சொன்னார். ஒலிக்கு இருந்த ரியாஸுக்குக் காய்ச்சல், அதனால் மைக்கையும் கேமராவிலேயே சொருகிவிட்டு நானும் தமாவும் ஆன்ட்டியும்தான். மூன்று டேக் எழுதியிருந்தபடியே வந்தது. நாலாவதில் சரி வரேன் என்றார், ரவையைக் கொட்டினார், மூடியைக் கையில் எடுத்தார், அதை மூடவில்லை. மூடியைப் பிடித்தபடியே ஃபிரிட்ஜில் சாய்ந்தார், சாய்ந்தபடியே வழுக்கித் தரைக்கு வந்தார், நான் கேமராவை அவரோடு கீழே இறக்கினேன், ஒரு துளி ஆட்டமில்லாமல், என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு டில்ட் செய்ததில்லை, தரையில் உட்கார்ந்து ஆன்ட்டி வாய்விட்டு அழுதார், அது நடிப்பு இல்லை, அந்த மாதிரிச் சத்தத்தை நான் எந்த சீரியலிலும் கேட்டதில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அழுகையைக் கேட்டா, டில்ட்டைப் பார்த்தா, இதையும் நேர்மையாகச் சொல்லித் தொலைக்க வேண்டும், அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. நான்கு வருஷம் கழித்து வந்த அழுகை, அதை ஆன்ட்டி ஒரே ஒரு தடவைதான் கொடுத்தார், நான் கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு வாங்கினேன். இப்போது போய், ஆன்ட்டி, அது பதியவில்லை, தயவுசெய்து இன்னொரு தடவை அழுங்கள் என்று யார் கேட்பது, வெள்ளிக்கிழமை படம் ஒப்படைக்கணும் அதனால் வியாழனுக்குள் அழுதுவிடுங்கள் என்றா.

“சவரிமுத்து.” ஹெலன் மேடம் கூப்பிடுகிறார், எப்போதிலிருந்து கூப்பிடுகிறார் என்று தெரியவில்லை, தாத்தா பேரை வைத்துவிட்ட அப்பாவை நான் திட்டுகிற நேரங்களில் இது ஒன்று, முழுப் பேரைச் சொன்னால் வகுப்பே திரும்புகிறது. “இப்ப நாம கடைசியா பாத்த ஷாட் என்ன?” திரையில் படத்தை நிறுத்தி வைத்திருக்கிறார், மருமகளின் கண்ணில் ஒரு சொட்டு விழாமல் நிற்கிறது. நான் எழுந்து “கட் மேடம்” என்கிறேன். சிரிப்பு. “கட் ஒரு ஷாட்டாப்பா?” “இல்ல மேடம்.” “கட்டுக்கு அப்புறம் என்ன இருக்கும்?” அவர் வேடிக்கையாகத்தான் கேட்கிறார். “அடுத்த ஷாட் மேடம்.” “உக்காரு.” உட்கார்ந்ததும் ஒரு யோசனை வந்துவிட்டது, வந்ததற்காகவே எனக்கு என் மேல் அருவருப்பு, ஆனால் வந்துவிட்டது. மேடத்துக்குப் புதுசாக எதையாவது காட்டினால் பிடிக்கும். நடிப்பை எடுக்காமல் நடிப்புக்கு நடுவே இருக்கிற வாழ்க்கையை எடுத்தோம், புனைவின் விளிம்பு, கட்டுக்கும் ரோலுக்கும் இடையிலான பெண், நாலு பக்கம் எழுதி ஒப்படைத்தால் பத்துக்கு ஒன்பது விழும், தமாகூட ஒப்புக்கொள்வாள், முதலில் கத்துவாள், அப்புறம் அந்த நாலு பக்கத்தைப் படித்துவிட்டுச் சமாதானமாகிவிடுவாள், கோட்பாடு தெரிந்தவன் தப்பே செய்வதில்லை, வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லத் தெரிந்தால் போதும். இப்படி யோசித்துக்கொண்டே போய் ஐந்தாவது ஃபைலில் இடித்துக்கொள்கிறேன். அதை எந்த நாலு பக்கத்தாலும் மூட முடியாது.

ஐந்தாவது ஃபைல், மூன்று நிமிஷம் பன்னிரண்டு விநாடி, காலையில் ஒரு தடவைதான் பார்த்தேன், இரண்டாவது தடவை பார்க்கப் போய் லேப்டாப்பை மூடிவிட்டேன். ட். உடனே தமா குரல், “அம்மா சூப்பர்! அப்படியே இரு, எந்திரிக்காத, க்ளோஸப் போயிடலாம்!” அவள் மேல் எனக்கு ஒன்றும் கோபம் வரவில்லை, அவள் குரலும் உடைந்துதான் இருக்கிறது, மானிட்டரைப் பார்த்துக்கொண்டு சத்தம் போடுகிறாள், அம்மாவைப் பார்த்தால் அவளும் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். ஆன்ட்டி தரையில் உட்கார்ந்திருக்கிறார், இன்னும் விசும்பல் நிற்கவில்லை, மூடி கையில் இருக்கிறது, இன்னொரு கையால் முந்தானையை எடுத்து முகத்துக்குக் கொண்டுபோகிறார். அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். “ஆன்ட்டி, கண்ணத் துடைச்சிராதீங்க, கன்டின்யூட்டி.” அது யார் குரல் என்று ஒரு விநாடி எனக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை, எவனோ ஒருத்தன், அடுத்த ஷாட்டிலும் அதே ஈரம் தொடர வேண்டும் என்று, அவசரமாக, மரியாதையாக, ஆன்ட்டி என்று வேறு சொல்கிறான். ஆன்ட்டி முந்தானையை விட்டுவிட்டார். உடனே விட்டார். ஏதோ செய்யக்கூடாததைச் செய்யப்போன மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார், அதற்கப்புறம் மூன்று நிமிஷம், நான் லென்ஸ் மாற்றுகிறேன், டேப்பைத் தேடுகிறேன், தமா ரவையை ஒழுங்குபடுத்துகிறாள், ஆன்ட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், கன்னத்தில் வழிகிறதை வழியவிட்டு, மூக்கை உறிஞ்சக்கூட பயந்து, சொன்னபடி. நடுவில் ஒரே ஒரு தடவை “தமா, போதுமா?” என்று மெதுவாகக் கேட்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன், ஒரு கையெட்டும் தூரத்தில், எனக்குக் கேட்கவே இல்லை, கேமராவுக்குக் கேட்டிருக்கிறது. க்ளோஸப்பில் அவருக்கு அழுகை வரவில்லை, இரண்டு டேக் பார்த்தோம், “வரமாட்டேங்குது தமா” என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார், அந்த வரமாட்டேங்குது ஏழாவது ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. இப்போது எனக்குப் பயம் மார்க்கைப் பற்றியா, தமா பேசாமல் போய்விடுவாள் என்றா, இல்லை அந்தக் குரலை அவள் கேட்டுவிடுவாள் என்றா. கார்டு உடைந்தால் குரலும் போய்விடும். அதற்காகத்தான் உடைக்க நினைக்கிறேனோ. மணி பன்னிரண்டு பதினெட்டு. எல்லா ஷீட்டும் நிரம்பிவிட்டது, என்னுடையதில் பதினேழுக்குக் கீழே வெள்ளையாக இருக்கிறது.

பெல் அடித்துத் துணியை விலக்கினார்கள், வெயில் கண்ணில் விழுந்தது. தமா எழுந்திருக்கும்போதே கையை நீட்டினாள். “குடுறா.” வெளியே வா என்றேன். வராந்தாவில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்தில் நிறுத்திச் சொன்னேன், கோர்வையாக வரவில்லை, விரல் பட்டது, டேப், ரோலிங் சொன்னபோது ஓடவில்லை, கட் சொன்னபிறகு ஓடியது, ஆறு டேக்கில் ஒன்றுகூட இல்லை, நடுவில் இருப்பதுதான் இருக்கிறது என்று. கார்டு கரப்ட் என்று சொல்லவில்லை, அதுவரை சொல்வேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது. அவள் முதலில் புரியாமல் சிரித்தாள். “வெளையாடாத.” நான் இல்லை என்று தலையாட்டினேன். “டேக் நாலுமா?” “நாலும்தான்.” “காலையில கேட்டேன்ல, ம்னு சொன்னியே.” “சொன்னேன்.” அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம், டேங்கின் மேல் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். “நடுவுல இருக்கறதுல அம்மா எப்படி இருக்காங்க?” “அழுது முடிச்சு உக்காந்திருக்காங்க. கண்ணத் துடைக்கப் போனாங்க. துடைக்காதீங்க, கன்டின்யூட்டின்னு நான் சொல்லிட்டேன். மூணு நிமிஷம் துடைக்காமயே உக்காந்திருக்காங்க.” சொல்லிவிட்டேன், வாய் கசந்தது. அவள் போனை எடுத்தாள். “வியாழக்கிழமை லீவு போடுவாங்களான்னு கேக்கணும். எனக்குக் கேக்க வாய் வராது. நீயே கேளு.” அம்மா என்ற பேரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, என் கையில் வைத்தாள்.

“சொல்லுடி தமா,” என்றது ஆன்ட்டி குரல், பின்னால் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு ஓடுகிற சத்தம். “ஆன்ட்டி, நான் சவரி.” “சவரியா, அவ போன் உன்கிட்ட என்னப்பா பண்ணுது? சாப்பிட்டியா?” இல்லை என்றேன், ஆமாம் என்றேன், பிறகு நடந்ததைச் சொன்னேன். “உங்கள எடுத்தது எதுவும் பதியல ஆன்ட்டி. என் தப்புதான். மன்னிச்சிருங்க.” “அழுதது?” “அது இல்ல.” “சுத்தமா இல்லியா?” “இல்ல ஆன்ட்டி. அழுது முடிச்சு நீங்க உக்காந்திருந்தது கொஞ்சம் இருக்கு.” அவர் கதவைச் சாத்தினார் போலிருக்கிறது, சத்தம் அடங்கியது, மூச்சு விடுவது கேட்டது, நீளமாக. வியாழக்கிழமை என்ற சொல்லை நான் நாக்கில் வைத்துக்கொண்டிருந்தேன். “நல்லதாப் போச்சுப்பா,” என்றார். “அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. காலேஜ்ல டீச்சருங்க, பசங்க எல்லாரும் வரிசையா உக்காந்து அத பாப்பாங்களேன்னு நெனச்சா ஒடம்பு கூசுது. அவரு போனப்பகூட யார் முன்னாடியும் அழக்கூடாதுன்னுதான் பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். இவ இவ்ளோ ஆசையா எடுக்குறா, வேணாம்னு எப்படிச் சொல்றது? கார்டுல மிச்சம் இருக்கறதையும் அழிச்சிருப்பா. நான் இப்படிச் சொன்னேன்னு தமாகிட்ட சொல்லிறாத. மறுபடி எடுக்கணும்னா வரேன்னே சொல்லு. அவ கேட்டா வராம இருப்பேனா.” ஸ்பீக்கரில் இருக்கிறது ஆன்ட்டி என்று சொல்ல வாயைத் திறந்தேன், தமாவைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். தமா என் எதிரே நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கன்னம் முழுக்க நனைந்திருந்தது. “சவரி? லைன்ல இருக்கியாப்பா?” பதில் இல்லாததில் அவருக்கு என்னவோ தட்டியிருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக் குரலை இறக்கிக் கேட்டார், “தமா, நீயும் கேட்டுட்டிருக்கியா?”

“இல்லம்மா,” என்றாள் தமா.